ஹாரூன் நபியின் பதில்

தொழுகையில் கைகளை எங்கே கட்டுவது, ஒளூ எப்போது முறியும், நோன்பில் ஊசி போட்டுக் கொள்ளலாமா என்பன போன்ற கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெறும் ஆர்வம் நம்மிடையே நிறையவே உண்டு. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், பள்ளிவாசலில் நாம் கழிக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு அதிக நேரத்தைக் கடையிலும், அலுவலகத்திலும், பட்டறையிலும், பள்ளிக்கூடத்திலும் கழிக்கிறோம். அங்கே நம்மோடு வேலை பார்க்கும் ஒருவர் திடீரென்று எல்லோர் முன்னிலையிலும் நம்மீது எரிந்து விழுந்தால் என்ன செய்வது என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அது மார்க்கத்தோடு தொடர்பில்லாத உலக விவகாரம் என்று எண்ணிவிடுகிறோம்.

மறுமையில் ஓட்டாண்டியாக நிற்பவன் யார் என்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு விளக்கியது முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும்தான் அவன் வருவான். ஆனால் இவனை ஏசியிருப்பான், அவன்மீது பழி சுமத்தியிருப்பான், இன்னொருவனை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகள் ஒவ்வொன்றாக அவர்களுக்குப் பங்கு வைக்கப்பட்டு, கடைசியில் வெறுங்கையனாகி விடுவான். வேலைத்தலத்தில் ஒரு நிமிடக் கோபத்தில் வாய் கொட்டும் வார்த்தைகள், ஆண்டுக்கணக்கில் நாம் சேர்த்த அமல்களைக் கரைத்துவிடக் கூடும் என்றால், அது எப்படி உலக விவகாரம் மட்டும் ஆகும்?

ஓர் உதாரணம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்றே அழைக்கின்றனர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்பவற்றைப் போலத் திண்ணனூர் நாடும் ஒன்று. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்கே மிளகு, காபி, மரவள்ளிக்கிழங்கு, வாழை, பலா, அன்னாசி ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். விளைந்தது விலையாக வேண்டுமானால் பெரும்பாலும் மலையை விட்டுக் கீழே இறங்கியாக வேண்டும். காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

அந்தத் திண்ணனூர் நாட்டில் மிளகு வாங்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். அங்கே மூவர் வேலை பார்க்கின்றனர். கணக்கு எழுதுபவர் முஸ்லிம். எடை போடுபவர் கீழ்நாட்டிலிருந்து வந்த மாற்று மதச் சகோதரர். மூட்டை தூக்குபவன் உள்ளூர் மலையாளி இளைஞன். மாலை நேரம். மழை இருட்டிக் கொண்டு வருகிறது. இருட்டுவதற்குள் லாரி மலையிறங்க வேண்டும். மிளகு கொண்டு வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எடைச் சீட்டுக்கும் பேரேட்டுக்கும் ஒரு மூட்டை வித்தியாசம் வருகிறது.

எடை போடுபவர் சீறுகிறார். "ஏன் பாய், உங்களுக்குக் கணக்கு எழுதத் தெரியுமா, தெரியாதா? உங்களையெல்லாம் யார் இந்த வேலைக்கு வைத்தது?" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் கத்துகிறார். சீட்டுக்கட்டை எடுத்து மேஜைமேல் வீசுகிறார். அதோடு நிற்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்த இளைஞன் பக்கம் திரும்பி, அவனுடைய பிறப்பையும் பெற்ற தாயையும் சேர்த்து இழிவாக ஏசுகிறார்.

இது கற்பனைதான். ஆனால் மிளகுக்குப் பதில் துணி என்றும், பேரேட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் என்றும் மாற்றிக் கொண்டால், இது நம்மில் பலரும் நித்தம் காணும் காட்சியே ஆகும். இப்போது அந்தக் கணக்கர் என்ன செய்ய வேண்டும்?

மூன்று தவறான பதில்கள்

முதலாவது, ஏச்சுக்கு ஏச்சு. அவர் ஒன்று சொன்னால் நாம் இரண்டு சொல்வது. அப்போது மூட்டைக் கணக்கு மறைந்து போகும். பழைய கணக்குகளெல்லாம் வெளியே வரும். பார்த்துக் கொண்டிருப்பவர்களுக்கு யார் முதலில் தொடங்கினார் என்பதே தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது, அந்த இடத்தில் வாயை மூடிக் கொண்டு, பிறகு போகுமிடமெல்லாம் பேசுவது. தேநீர்க் கடையில் ஒருவரிடம், பேருந்தில் ஒருவரிடம், வீட்டில் எல்லோரிடமும் அவருடைய குணத்தை அலசுவது. முகத்துக்கு நேரே பேசாத வீரத்தை முதுகுக்குப் பின்னால் காட்டுவதற்குப் பெயர் புறம். இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு அதைத் திருமறை ஒப்பிடுகிறது (49:12).

மூன்றாவதுதான் நல்லவர்களும் விழும் குழி. எதிர்த்தும் பேசுவதில்லை; புறமும் பேசுவதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்திவிடுவது. சீட்டை வாங்கும்போதும் முகத்தைத் திருப்பிக் கொள்வது. இதைப் 'பொறுமை' என்று நாமே பெயர் சூட்டிக் கொள்கிறோம். இது பொறுமையா?

ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இஹ்யாவு உலூமித்தீன் என்னும் பெருநூலில் கோபத்துக்கென்றே ஒரு பாகத்தை ஒதுக்கியுள்ளார்கள். அந்தப் பாகத்தின் பெயரிலேயே கோபம், குரோதம், பொறாமை ஆகிய மூன்றையும் சேர்த்தே வைத்தார்கள். காரணம் இல்லாமல் அல்ல. பழி தீர்க்க இயலாத நிலையில் அடக்கப்படும் கோபம் உள்ளே திரும்பிச் சென்று தேங்கிக் குரோதமாக மாறுகிறது. அந்தக் குரோதம் பொறாமை முதலிய பல நோய்களைப் பெற்றெடுக்கிறது என்பது இமாமவர்களின் விளக்கம். ஆக, வெளியே வராத கோபமெல்லாம் விழுங்கப்பட்ட கோபம் அல்ல. சில சமயம் அது விதையாக உள்ளே விழுந்து கிடக்கிறது.

இன்னொன்றையும் இமாமவர்கள் சொல்கிறார்கள். கோபம் அளவுக்கு மிஞ்சுவது எப்படி ஒரு குறையோ, அப்படியே கோபமே இல்லாமல் போவதும் ஒரு குறைதான். அநியாயத்தைக் கண்டும் சுரணையின்றி இருப்பவர் பொறுமைசாலி அல்லர். அறிவுக்கும் மார்க்கத்துக்கும் கட்டுப்பட்டு, எழ வேண்டிய இடத்தில் எழுந்து, அடங்க வேண்டிய இடத்தில் அடங்கும் கோபமே நடுநிலையானது.

அப்படியானால், எதிர்த்து ஏசவும் கூடாது, ஊமையாக இருந்து குரோதத்தை வளர்க்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே வேறு வழி உண்டா? உண்டு. அதைத் திருமறையே நமக்குக் காட்டுகிறது.

தலைமுடியைப் பிடித்த கை

ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, தம் குடும்பத்திலிருந்து ஹாரூனைத் தமக்கு உதவியாளராக்கித் தம் பணியில் அவரைக் கூட்டாக்குமாறு மூஸா (அலை) அவர்கள் இறைவனிடம் வேண்டினார்கள் (20:29-32). வேண்டுதல் ஏற்கப்பட்டது. எனவே அவ்விருவரும் உடன்பிறப்புகள் மட்டுமல்லர்; ஒரே பணியில் அமர்த்தப்பட்ட தோழர்களும் ஆவர்.

பின்னர் மூஸா (அலை) அவர்கள் தூர் மலைக்குச் சென்றிருந்த நாட்களில், ஸாமிரீ என்பவன் கிளப்பிய குழப்பத்தால் மக்கள் காளைக்கன்றை வணங்கத் தொடங்கினர். ஹாரூன் (அலை) அவர்கள் தடுத்தார்கள், மக்கள் கேட்கவில்லை. திரும்பி வந்த மூஸா (அலை) அவர்கள் கடுங்கோபமும் துயரமும் கொண்டார்கள். கையிலிருந்த பலகைகளைக் கீழே போட்டார்கள். சகோதரரின் தலையைப் பிடித்துத் தம்பக்கம் இழுத்தார்கள் (7:150). அந்தக் கோபம் சொந்த நலனுக்காக எழுந்ததன்று, அல்லாஹ்வுக்காக எழுந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆயினும், அந்த நேரத்தில் அது பாய்ந்தது குற்றமற்ற ஒருவர்மீது.

ஹாரூன் (அலை) அவர்கள் கையைத் தட்டிவிடவில்லை. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று திருப்பிக் கேட்கவில்லை. அதே சமயம் மௌனமாகவும் நிற்கவில்லை. அவர்கள் கூறியதை அருள்மறை இரண்டு இடங்களில் (7:150, 20:94) எடுத்துரைக்கிறது. அதை ஊன்றிக் கவனித்தால் நான்கு படிகள் தெரிகின்றன.

முதலில், 'என் தாயின் மகனே' என்ற பொருளில் அழைத்தார்கள். இருவருக்கும் தந்தையும் ஒருவரே. ஆயினும் தாயைச் சொல்லி அழைத்தது பாசத்தைத் தட்டியெழுப்புவதற்காக என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். சண்டையின் உச்சத்தில் உறவை நினைவூட்டினார்கள்.

இரண்டாவதாக, நடந்ததைச் சொன்னார்கள். மக்கள் தம்மைப் பலவீனராகக் கருதியதையும், கொன்றுவிடவும் துணிந்ததையும் கூறினார்கள். மக்களிடையே பிளவை உண்டாக்கிவிட்டாய் என்று மூஸா சொல்லிவிடக் கூடாதே என்று அஞ்சியதையும் கூறினார்கள்.

மூன்றாவதாக, பகைவர்கள் பார்த்து மகிழும்படி நடந்துகொள்ள வேண்டாம் என்று வேண்டினார்கள். அதாவது, நமக்குள் பேச வேண்டியதை ஊர் முன்னால் வைத்துப் பேச வேண்டாம் என்பது குறிப்பு.

நான்காவதாக, அநியாயக்காரர்களோடு தம்மைச் சேர்த்துவிட வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார்கள். செய்யாத குற்றத்தைச் சமாதானத்துக்காகக் கூட அவர்கள் ஒப்புக் கொள்ளவில்லை.

பலன் என்ன? மூஸா (அலை) அவர்கள் உடனே தமக்கும் தம் சகோதரருக்கும் சேர்த்துப் பாவமன்னிப்பு வேண்டிக் கை ஏந்தினார்கள் (7:151). கோபம் தணிந்ததும், கீழே போட்ட பலகைகளை எடுத்துக் கொண்டார்கள் (7:154). வேலை தொடர்ந்தது.

நம் கணக்கருக்கு இதில் முழுப் பாடமும் இருக்கிறது. "அண்ணே, இத்தனை நாள் ஒன்றாக வேலை பார்க்கிறோம். ஒரு மூட்டை வித்தியாசம் வருவது உண்மை. இரண்டு சீட்டையும் வைத்துப் பார்த்துவிடுவோம். இவர்கள் முன்னால் வேண்டாம், உள்ளே வாருங்கள். ஆனால் எனக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்வது நியாயமில்லை." உறவு, உண்மை, மறைவு, மானம் ஆகிய நான்கும் இதில் அடங்கிவிட்டன. குரலை உயர்த்தத் தேவையே இல்லை.

முதல் சில நிமிடங்கள்

எழுதும்போது இது எளிதாகத் தோன்றும். இரத்தம் கொதிக்கும்போது இத்தனை சொற்களும் வருமா? வராது. அதனால்தான் மார்க்கம் முதலில் உடலை அடக்கச் சொல்கிறது, பிறகே பேச்சு.

நாயகத் தோழர் அபூதர் கிஃபாரி (ரலி) அவர்கள் ஒருமுறை தம் தண்ணீர்த் தொட்டியில் கால்நடைகளுக்கு நீர் புகட்டிக் கொண்டிருந்தார்கள். அங்கு வந்த ஒருவர் அந்தத் தொட்டியை உடைத்துவிட்டார். நின்று கொண்டிருந்த அபூதர் (ரலி) அவர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு படுத்துக் கொண்டார்கள். பார்த்தவர்கள் வியந்து காரணம் கேட்டனர். நின்றிருக்கும்போது கோபம் வந்தால் உட்காரும்படியும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக் கொள்ளும்படியும் பெருமானார் (ஸல்) அவர்கள் தங்களுக்குக் கற்பித்ததை எடுத்துரைத்தார்கள். முஸ்னத் அஹ்மதில் இச்செய்தி உள்ளது. நிற்பவனுக்குக் கை ஓங்குவது எளிது. உட்கார்ந்தவனுக்கு அது கடினம். படுத்தவனுக்கு இன்னும் கடினம். கோபத்துக்கும் செயலுக்கும் நடுவே தூரத்தை உண்டாக்குவதே இதன் சூட்சுமம்.

கடையில் படுக்க முடியாது. ஆனால் உட்காரலாம். தண்ணீர் குடிக்கலாம். அஸர் நேரமாக இருந்தால் ஒளூச் செய்யப் போகலாம். மனத்துக்குள் 'அஊது' ஓதலாம்.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்களின் முன்னிலையில் இருவர் ஒருவரையொருவர் ஏசிக் கொண்டனர். ஒருவரின் முகம் சிவந்து போயிற்று. ஷைத்தானை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் வாசகத்தைச் சொன்னால் அவருடைய கோபம் போய்விடும் என்று நாயகம் (ஸல்) கூறினார்கள். தோழர்கள் அதை அவரிடம் எடுத்துச் சொன்னபோது, தமக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது என்று அவர் கேட்டுவிட்டார்! புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது. நபிகள் நாயகத்தின் அறிவுரையையே கோபக்காரரின் காது ஏற்கவில்லை என்றால், நம்முடைய அறிவுரை எம்மாத்திரம்? எனவே, கொதித்துக் கொண்டிருப்பவருக்கு அந்த நேரத்தில் உபதேசம் செய்யப் புறப்பட வேண்டாம். 'அஊது' நாம் ஓதிக் கொள்ள வேண்டியது. அவருடைய முகத்துக்கு நேரே நீட்ட வேண்டியதன்று.

கொல்லிமலை போன்ற பாதைகளில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு விதி தெரியும். வளைவு குறுகலாக இருந்தால், இறங்கி வரும் வண்டி நின்று ஏறிச் செல்லும் வண்டிக்கு வழி விட வேண்டும். ஏன்? சுமையோடு மூச்சு வாங்கி ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். இறங்குகிறவருக்கு அந்தச் சிரமம் இல்லை. கோபத்தில் கத்துபவர் பெரும்பாலும் சுமையோடு ஏறிக் கொண்டிருப்பவர்தான். எடை குறைந்தால் தம் கூலியில் பிடித்துவிடுவார்களோ என்ற பயமோ, வீட்டில் நோயாளிக் குழந்தையோ, கடனோ நம் கண்ணுக்குத் தெரியாமல் அவர் முதுகில் இருக்கக் கூடும். மனம் இலேசாக இருப்பவர் ஒதுங்கி வழி விடுவது தோல்வி அன்று. அவருடைய சுமை அவருடைய ஏச்சை நியாயமாக்கிவிடாது. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் நாம் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதை அது விளக்கும்.

மலையிறங்கும் ஓட்டுநர்கள் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. இறக்கம் தொடங்கும்போதே கீழ் கியரில் போட்டுவிடுகிறார்கள். வழிநெடுகப் பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். பொறுமையும் அப்படித்தான். சீற்றம் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. தன் நாவைச் சாதாரண நாட்களில் பழக்கியவருக்கே அந்த நேரத்தில் அது கட்டுப்படும்.

மன்னிக்க நமக்கு உரிமை எது?

இனி, அந்த மலையாளி இளைஞனின் விஷயத்துக்கு வருவோம். உண்மையில் இந்தக் கட்டுரையின் முக்கியக் கேள்வியே அதுதான்.

தம்மைச் சொன்னதைக் கணக்கர் மன்னித்துவிடலாம். மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது என்று திருமறை சொல்கிறது (42:40). ஆனால் அந்த இளைஞனுடைய பிறப்பையும் தாயையும் சொல்லி ஏசியதை மன்னிக்க இவருக்கு என்ன அதிகாரம்? பிறர் பெட்டியிலிருந்து பணம் எடுத்துத் தர்மம் செய்பவனைத் தர்மவான் என்போமா? நம் மானத்தை விட்டுக் கொடுப்பது தயாளம். பிறர் மானத்தை விட்டுக் கொடுப்பது தயாளம் அன்று.

பெருமானார் (ஸல்) அவர்கள் தமக்காக ஒருபோதும் பழி வாங்கியதில்லை. அல்லாஹ்வின் வரம்புகள் மீறப்பட்டபோதோ அவர்கள் சும்மா இருந்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மேலே பார்த்த அதே அபூதர் (ரலி) அவர்களே இதற்கும் சாட்சி. அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துரைத்துவிட்டார்கள். ஏசப்பட்டவர் பிலால் (ரலி) அவர்கள் என்று விரிவுரையாளர்கள் கூறுவர். செய்தி நாயகத்திடம் சென்றது. பொறுத்துப் போ என்று ஏசப்பட்டவருக்கு அவர்கள் உபதேசம் செய்யவில்லை. அபூதரை நோக்கி, அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்று கண்டித்தார்கள். கைக்குக் கீழே பணியாற்றுபவர்கள் சகோதரர்களே என்றும், தாம் உண்பதிலிருந்து உண்ணவும் தாம் உடுப்பதிலிருந்து உடுக்கவும் அவர்களுக்குத் தர வேண்டும் என்றும், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தலாகாது என்றும் போதித்தார்கள். அபூதர் (ரலி) அவர்கள் அந்தக் கண்டனத்தை மறக்கவே இல்லை. பிற்காலத்தில் ரப்தாவில் அவர்களைச் சந்தித்தவர், அவர்களும் பணியாளரும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருக்கக் கண்டு காரணம் கேட்டபோது, இந்த நிகழ்ச்சியைத்தான் சொன்னார்கள்.

நம் சமுதாயத்தில் அடிக்கடி நிகழும் ஒரு தவறு இங்கே நினைவுக்கு வருகிறது. ஏசியவர் பெரிய இடத்தவராக இருந்தால், ஏசப்பட்ட எளியவரிடம் சென்று "ஸப்ர் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். ஏசியவரிடம் சென்று "நிறுத்துங்கள்" என்று சொல்வதில்லை. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவ வேண்டும், அவனைத் தடுப்பதே அந்த உதவி என்று கற்பித்த நபியின் உம்மத்தினர் நாம். ஸப்ர் என்னும் உயர்ந்த சொல்லை எளியவர் வாயை அடைக்கும் துணியாக ஆக்கலாமா? தீய சொல் பகிரங்கமாகப் பேசப்படுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. ஆனால் அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்கு உண்டு என்று அருள்மறையே இடம் தந்திருக்கிறது (4:148).

எனவே, தம்மைப் பற்றிய ஏச்சில் அமைதி காத்த கணக்கர், இளைஞன் ஏசப்பட்டபோது வாய் திறந்தாக வேண்டும். "அவனைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். பிறப்பைச் சொல்லிப் பேசாதீர்கள்." இவ்வளவு போதும். மறுபடியும் மறுபடியும் நடந்தால் முதலாளியிடம் அறிவிக்க வேண்டும். நாட்டின் சட்டமும் இதைச் சிறு விஷயமாகக் கருதவில்லை. பழங்குடியினரை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு பொதுவில் இழிவுபடுத்துவது, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அந்த இளைஞன் நியாயம் கேட்க விரும்பினால் கண்டதைச் சாட்சி சொல்வது நம் கடமை. நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராயினும் சரி என்னும் கட்டளை (4:135) நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதன்று.

மறுநாள் காலை

கடை வீதியில் முகம் தெரியாதவன் ஏசினால், அவன் வழியில் அவன் போய்விடுவான். வேலைத்தலத்தில் ஏசியவரையோ மறுநாள் காலையிலும் காண வேண்டும். ஆகவே சமாதானத்தை நாமாகத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி), ஹஜ்ரத் உமர் (ரலி) ஆகிய இருபெரும் தோழர்களிடையே ஒருமுறை மனத்தாங்கல் ஏற்பட்டது. அதைப் பற்றி நாயகத்திடம் வந்து சொன்னவர் அபூபக்ர் (ரலி) அவர்களே. தமக்கும் உமருக்கும் இடையே ஏதோ ஒன்று நேர்ந்ததாகவும், தாமே அவசரப்பட்டுவிட்டதாகவும், வருந்தி மன்னிப்புக் கேட்டும் உமர் மறுத்துவிட்டதாகவும் கூறினார்கள். அல்லாஹ் உம்மை மன்னிப்பானாக என்று பெருமானார் (ஸல்) மும்முறை வேண்டினார்கள். இதற்கிடையில் உமர் (ரலி) அவர்களும் மனம் வருந்தி அபூபக்ரின் வீட்டுக்குச் சென்றார்கள். அங்கே காணாமல் நாயகத்தின் சபைக்கு வந்தார்கள். பெருமானாரின் திருமுகம் மாறியது. அதைக் கண்டு அஞ்சிய அபூபக்ர் (ரலி) அவர்கள் மண்டியிட்டு, தாமே அதிகம் தவறிழைத்தவர் என்று இருமுறை கூறினார்கள். தம்மை எல்லோரும் பொய்ப்பித்தபோது உண்மைப்படுத்திய தோழரைத் தமக்காக விட்டுவிடக் கூடாதா என்று நாயகம் (ஸல்) கேட்டார்கள். புகாரியில் உள்ள நிகழ்ச்சி இது.

இந்த நிகழ்ச்சியில் சண்டை எதைப் பற்றியது என்பதே சொல்லப்படவில்லை. 'ஏதோ ஒன்று' என்பதோடு சரி. ஆனால் இருவரும் சமாதானத்துக்காக நடந்த நடை பதிவாகியிருக்கிறது. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். சண்டையின் ஒவ்வொரு வார்த்தையையும் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கிறோம். சமாதானத்துக்கு ஓர் அடியும் எடுத்து வைப்பதில்லை. இன்னொன்று: எரிந்து விழுந்தவர் வந்து மன்னிப்புக் கேட்டபின் மறுப்பவர்மீதும் பொறுப்பு உண்டு. ஏசப்பட்டவர் என்ற ஒரே காரணத்தால் நாம் கடைசி வரை சரியானவர்களாகவே இருப்போம் என்பதில்லை.

மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனோடு பேசாதிருத்தல் ஆகாது என்பதும், இருவரில் ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்பதும் நாம் அறிந்த நபிமொழி.

நம் கணக்கரோடு வேலை பார்ப்பவர் முஸ்லிம் அல்லரே என்று சிலர் கேட்கக் கூடும். நற்குணத்துக்கு மதில் சுவர் கிடையாது. ஸலாமைத் திரித்துச் சாபமாகச் சொன்ன யூதர் சிலருக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கடுமையாகப் பதில் சொன்னபோது, எல்லாக் காரியத்திலும் மென்மையையே அல்லாஹ் நேசிக்கிறான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். 'உங்கள்மீதும்' என்று மட்டும் தாம் பதில் கூறியதைச் சுட்டிக் காட்டினார்கள். மௌனமும் இல்லை, மிகையும் இல்லை. ஃபிர்அவ்னிடமே மென்மையாகப் பேசும்படிதான் மூஸாவுக்கும் ஹாரூனுக்கும் கட்டளை வந்தது (20:44). நம்மோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்ப்பவர் ஃபிர்அவ்னைவிடக் கெட்டவர் அல்லர். நாமும் மூஸா நபியைவிட உயர்ந்தவர்கள் அல்லர்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. கோபத்தில் இருக்கும்போது நீதிபதி இருவருக்கிடையே தீர்ப்பளிக்கலாகாது என்பது நபிமொழி. ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதும், கூலியைப் பிடிப்பதும் தீர்ப்புத்தான். அன்றைய சீற்றத்தில் முடிவு செய்யாமல் மறுநாள் இரு தரப்பையும் அழைத்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு வரும் கோபம்

வெளியில் வாங்கிய ஏச்சை மென்று விழுங்கிவிட்டு வந்து, வீட்டு வாசலில் அதைக் கக்குபவர்கள் உண்டு. சோற்றில் உப்புக் குறைந்தது என்று மனைவிமீதும், புத்தகத்தைக் கீழே போட்டான் என்று குழந்தைமீதும் பாய்கிறார்கள். வலியவரிடம் அடங்கி எளியவரிடம் வெடிக்கும் கோபத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரன் அல்லன். கோபத்தின்போது தன்னை அடக்குபவனே வீரன் என்ற நபிமொழியின் உரைகல், கடையைவிட வீட்டில்தான் அதிகம் இருக்கிறது. வீட்டுப் பெண்மணிகளும், களைத்து வந்தவரிடம் "நீங்கள் ஏன் திருப்பிக் கேட்கவில்லை?" என்று தூண்டிவிடாமல், "இரவு தூங்கி எழுந்து நாளைக்குப் பேசுங்கள்" என்று சொன்னால், பாதிச் சண்டைகள் கடை வாசலையே எட்டா.

கோபத்தை அடக்குதல், மனிதர்களை மன்னித்தல், பின்னர் அவர்களுக்கு நன்மை செய்தல் என்று இறையச்சமுடையோரின் பண்புகளைத் திருமறை வரிசைப்படுத்துகிறது (3:134). அடக்குதல் முதல் படிதான். அதிலேயே நின்றுவிட்டால் குரோதம் வளரும். தீமையை மிக அழகியதைக் கொண்டு தடுத்தால் பகைவரும் உற்ற நண்பராகிவிடுவார் என்று வாக்களித்த இறைவன், அது பொறுமையாளர்களுக்கே கிட்டும் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறான் (41:34-35).

நம் உரிமையில் தாராளமாகவும், பிறர் உரிமையில் உறுதியாகவும் இருக்கும் உள்ளத்தையும், கோபம் எழும் வேளையில் ஹாரூன் (அலை) அவர்களைப் போல உறவையும் உண்மையையும் ஒருசேரப் பேசும் நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.